அரிதாரம்

சோஹாக் அருங்காட்சியகம், பின்கட்டு அறை.
தா-ஷெரித்-மின் இங்கே இல்லை.
அவள் உடம்பு எங்கே போனதென்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
பெட்டி மட்டும் வந்தது,
ஒரு வியாபாரியின் கோழிக் கொட்டகையிலிருந்து
போலீஸ் லாரியில், வைக்கோல் மேல்.

மஞ்சள் முகம். மையெழுதிய கண்.
மூவாயிரம் வருஷமாய் இமைக்காத பார்வை என்று
பார்வையாளர் ஏட்டில் யாராவது எழுதுவார்கள்.
எனக்கு அது சுண்ணப் பூச்சின் மேல் புகைக்கரி.

துப்பாக்கி மாதிரியான கருவியை
அவள் கன்னத்தில் பதித்து விசையை அழுத்துகிறேன்.
முப்பது நொடி.
திரையில் ஊசிக்கோபுரம் ஒன்று எழும்புகிறது:
ஆர்செனிக்.
காலடியில் குட்டையாகக் கந்தகம்.
அரிதாரம்தான்.
உயிரோடிருப்பவர் பூசினால் வேஷம்,
இறந்தவருக்குப் பூசினால் பொன்மேனி.
இரண்டுக்கும் ஒரே நஞ்சு.

நெற்றி, அரிதாரம். மார்பு, அரிதாரம்.
வலப்பக்கப் பலகையில் நிற்கும் நான்கு தெய்வங்களும் அரிதாரம்.
இடப்பக்கம்,
கல்லறைச் சுவரை ஒட்டிக் கிடந்த பக்கம்,
கோபுரம் எழவில்லை.
இரும்பு.
ஆற்றுக்கு மேற்கே எங்கே வெட்டினாலும் வரும் மஞ்சள் காவி.

மறுபடி வைத்தேன். இரும்பு.
பேட்டரியை மாற்றி வைத்தேன்.
இரும்பு.

ருஷ்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.
"தமியானா, இவன் என் மைத்துனனேதான்!
தெருவைப் பார்த்த சுவருக்கு எனாமல்,
பின்சுவருக்குச் சுண்ணாம்பு.
கூலி மட்டும் நாலு சுவருக்கும்."

நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.
போன தை மாதக் குளிரில்
ஜிர்காவின் பாசிலி ஆசாரியிடம்
அப்பாவின் பெட்டிக்கு வால்நட் மரமென்று எண்ணிக் கொடுத்தேன்.
மேல்மூடி கண்ணாடி மாதிரி இருந்தது.
உள்ளே என்ன விரித்திருந்தான் என்று
நான் குனிந்து பார்க்கவில்லை.

பிற்பகலில் நாலு பேராக மூடியைப் புரட்டிப் போட்டோம்.
உட்புறம் கறுப்பு.
பிசின் வடிந்து முற்றிய கறுப்பு,
குப்பையென்று முந்தைய அறிக்கை தாண்டிப் போன கறுப்பு.
விளக்குகளை அணைத்து
கதவிடுக்கில் ருஷ்தியின் கோட்டைச் செருகினோம்.
செம்பையும் மணலையும் சேர்த்துச் சுட்ட நீலத்துக்கு
ஒரு குணம் உண்டு:
சிவப்பு ஒளியைக் குடிக்கக் கொடுத்தால்
நம் கண்ணுக்கு எட்டாத ஒளியாகத் திருப்பித் தரும்.
கேமரா மட்டும் அதை வெள்ளையாகப் பார்க்கும்.

பார்த்தது.

மூடி முழுக்க எரிந்தது.
அவள் முகம் இருந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே
ஒரு முழ அகலத்துக்கு
நீலம், நீலம், தடிமனாக,
மிச்சம் பிடிக்க நினைக்காத கை அப்பிய நீலம்.
மூடிய பிறகு படுத்திருப்பவள் தவிர
யாரும் பார்க்க வழியில்லாத இடம்.
அவளும்
கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
பிளந்த நுனியுள்ள தூரிகை;
ஒவ்வொரு இழுப்பிலும் நடுவே மயிரிழை இடைவெளி.
காவிப் பக்கத்தில் காலையில் பார்த்த
அதே இடைவெளி.

"அப்போ திருடனா, இல்லையா?"
இருட்டில் ருஷ்தி கேட்டான், சிரிக்காமல்.
அட்டவணையில் மாதிரி எண் உண்டு,
இடம் உண்டு, தனிமம் உண்டு.
"குறிப்பு" என்ற கட்டத்தில்
"தூரிகை ஒன்றே" என்று எழுதி நிறுத்திக்கொண்டேன்.

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்,
நகக்கண் வரைக்கும்.
பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து
பாசிலியைக் கூப்பிட்டேன்.
அவர் பின்னால் வாள் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது.
கேட்க நினைத்ததை விட்டுவிட்டு
புத்தக அலமாரி ஒன்று செய்ய எவ்வளவாகும் என்றேன்.

வாள் நின்றது.
நல்ல மரமாகவே போடலாம் மகளே,
முதுகுக்கு மட்டும் பிளைவுட் போதும்,
சுவரோடுதானே நிற்கப் போகிறது என்றார்.